ஒரு சிட்டிகை பைகுரோமேட்

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் என் வயதுக்காரர் யாரை நிறுத்திக் கேட்டாலும் தீக்குச்சி மருந்தில் என்னென்ன சேரும் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்: குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், துத்தநாக வெள்ளை, வஜ்ரப் பசை, சாயம். மருந்தில் ஏறக்குறைய பாதி பொட்டாசியம் குளோரேட்தான். அவர் பட்டியலை முடித்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கும். பொட்டாசியம் பைகுரோமேட். ஆரஞ்சு நிறப் பொடி, நூற்றுக்கு ஒரு பங்கு போல. எரிதலைச் சீராக்கும், வஜ்ரத்தை இறுக்கும். ஐப்பசி மழையில் குச்சி நமுத்துப்போகாமல் இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

என் அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீசில், அதாவது ஆலையில், மருந்து கலக்கினார். வஜ்ரத்தை முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் வெந்நீர்த் தொட்டியில் வைத்து உருக்கி, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது அவர் வேலை. விரல் இடுக்கில் வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் குழிந்த புண் அவருக்கு வந்து வந்து ஆறும். மருந்துப் புண் என்பார். வேங்கைப் பட்டை அரைத்துப் போட்டால் போய்விடும் என்பார். அது குரோமியப் புண் என்று எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு பாடப்புத்தகத்தில் படம் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. "இத்தன வருசமா கந்தகத்தத் திட்டிக்கிட்டு இருந்தேன் தாயி" என்றார் அப்பா.

தீப்பெட்டிக்குள் குரோமியம் வரும் வழி இரண்டு. ஒன்று அப்பா கையால் அள்ளிப் போட்டது. இன்னொன்று, குளோரேட் என்ற வெள்ளைப் படிகம் பிறக்கும் இடத்திலேயே, மின்சாரத் தொட்டிக்குள், ஆலைக்காரர் தெரிந்தே சேர்ப்பது. என் வேலைக்காலத்தில் நல்ல பங்கு இந்த இரண்டாவதில் போனது. அதன் பழைய கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஊரின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் தீப்பெட்டியைக் கொண்டுவந்த அய்ய நாடாரிலிருந்து தொடங்கி காலண்டர் அச்சில் முடித்துவிடுகிறார்கள். சரக்கு எங்கிருந்து வந்தது, அந்தச் சரக்கோடு வேறு என்ன வந்தது என்று எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் ஊருக்கும் உலோகத்துக்கும் உறவு புதிதல்ல என்று ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சங்கப் புலவர் வரிசையில் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் இருக்கிறார். அந்தத் தங்கால் நாங்கள்தான் என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கை. பொன்னில் கலந்த செம்பைப் பிரித்தெடுப்பது அவர் தொழிலின் பாதி. நான் செய்ததும் பிரித்தெடுப்பதுதான். ஆனால் அவர் பொன்னுக்காகச் செய்தார், கூலி கிடைத்திருக்கும்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஜெர்மானிய இயந்திரங்களோடு தொடங்கி, பிறகு இயந்திரத்தைக் குறைத்துக் கைகளைக் கூட்டினார்கள். மழை குறைந்த கரிசல் பூமி, வெயில் நிறைய, வேலை தேடும் கைகள் நிறைய. இவ்வளவையும் எல்லோரும் எழுதுகிறார்கள். அதே ஆண்டுகளில் பம்பாயில் இன்னொன்று நடந்தது. சுவீடனின் தீப்பெட்டிக் கம்பெனி, உலகத் தீப்பெட்டிச் சந்தையையே கைக்குள் கொண்டுவரப் பார்த்த இவார் க்ரூகரின் கம்பெனி, 1923-இல் விம்கோவைத் தொடங்கியது. இறக்குமதித் தீப்பெட்டிக்கு அரசு வரியை ஏற்றியதும், வெளியிலிருந்து விற்பதைவிட உள்ளே வந்து செய்வது லாபம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். சிவகாசிக்கு எதிரி என்றால் அப்போது விம்கோதான். சென்னைத் திருவொற்றியூரிலும் அவர்களுக்கு ஆலை இருந்தது.

விம்கோவுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இயந்திரம் என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அவர்கள் அம்பர்நாத்தில் குளோரேட்டையும் தாங்களே தயாரித்தார்கள் என்பது. எங்கள் ஆபீசுகள் குளோரேட்டை வாங்கின. பீப்பாயைத் திறந்தால் வெள்ளைப் பொடி இருக்கும். அது எப்படி ஆனது என்பது விற்றவன் கவலை. இந்தத் தள்ளியிருத்தல் நூறு ஆண்டாகத் தொடர்கிறது. எங்கள் பக்கம் வேதியியல் படித்தவர்களுக்கு ஆய்வு வேலை பெருகாமல் போனதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் கட்சி.

குளோரேட்டின் பிறப்பைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் பெர்த்தோலே அதை முதலில் எடுத்தார். காரக் கரைசலில் குளோரின் வாயுவைச் செலுத்தினால் கிடைக்கும். ஆனால் போட்ட குளோரினில் ஆறில் ஐந்து பங்கு மறுபடி உப்பாகிவிடும், ஒரு பங்குதான் குளோரேட். அதே நாட்டில் 1797-இல் வோக்லின் குரோமியத்தைக் கண்டுபிடித்தார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பிறந்து நூறு ஆண்டு கழித்து ஒரே தொட்டிக்குள் சேர்ந்தன. உப்புக் கரைசலில் மின்சாரம் விட்டால் குளோரேட் வரும் என்பதை சுவீடனில் ஹிசிங்கரும் பெர்சிலியஸும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார்கள். ஆலை அளவில் அது வர 1880-கள் ஆயின. டைனமோ இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. இன்றைக்கும் ஒரு டன் சோடியம் குளோரேட்டுக்கு ஐயாயிரம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தின்னும்.

தொட்டிக்குள் நடப்பது கேட்பதற்குச் சுலபம். ஆனோடில் உப்பிலிருந்து குளோரின் கிளம்பும், கேத்தோடில் நீரிலிருந்து ஹைட்ரஜன். குளோரின் கரைசலில் கரைந்து ஹைப்போகுளோரைட் ஆகி, அது மெதுவாகக் குளோரேட் ஆகும். தொல்லை கேத்தோடில்தான். ஹைட்ரஜனைக் கிளப்ப வேண்டிய எலக்ட்ரான், பக்கத்தில் மிதக்கும் ஹைப்போகுளோரைட்டைப் பிடித்து மறுபடி உப்பாக்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் கணிசமான பங்கு இப்படிச் செய்ததை அழிப்பதிலேயே போகும்.

1890-களின் இறுதியில் ஜெர்மானியர்கள் இதற்கு மருந்து கண்டார்கள். கரைசலில் கொஞ்சம் பைகுரோமேட் போட்டால் இழப்பு நின்றுபோகிறது. எரிக் மியுலர் அதன் காரணத்தை ஆராய்ந்தார். குரோமியம் கேத்தோடில் போய்ப் பாதி வழியில் நின்று, பாலின் மேல் ஆடை படிவதுபோல ஹைட்ராக்சைடு ஏடாகப் படிகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான். அந்த ஏட்டைத் தாண்டி ஹைப்போகுளோரைட்டால் உள்ளே போக முடியாது, நீருக்கு மட்டும் வழி உண்டு. ஏடு கிழிந்தால் கரைசலில் இருக்கும் பைகுரோமேட் மறுபடி அடைத்துவிடும். லிட்டருக்கு மூன்றிலிருந்து ஆறு கிராம் போதும். மின்திறன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பக்கம் ஏறும். அது மட்டுமல்ல, கரைசலின் அமிலக் காரநிலையைப் பிடித்து நிறுத்தும், மின்சாரம் நின்ற நேரத்தில் எஃகுக் கேத்தோடு துருப்பிடிக்காமல் காக்கும். ஒரே பொருள் மூன்று வேலை செய்தால் எந்த ஆலைக்காரன் விடுவான்?

குரோமியத்தை அழுக்கு என்று நினைத்துக்கொண்டு இந்தத் துறைக்குள் வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அது தவறி விழுந்த தூசி அல்ல, வேலைக்கு அமர்த்தப்பட்ட ஆள். அதை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் அதன் மூன்று வேலையையும் யார் பார்ப்பது என்று முதலில் பதில் வேண்டும்.

காரைக்குடிக்கு நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு புராஜெக்டில் உதவியாளராக. அருப்புக்கோட்டை, மானாமதுரை வழியாக ரயில். தெருவில் ஒரு அண்ணாச்சி கேட்டார்: "காரைக்குடியில எந்த ஆபீஸ்ல வேல பாக்க?" மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்றேன். "அங்க என்ன போடுதாக?" ஒன்றும் போடவில்லை, கண்டுபிடிக்கிறார்கள் என்றேன். அவர் என் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அந்த ஆய்வகம் ஒரு தனி மனிதரின் கொடையால் வந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். தேசிய ஆய்வகங்களை டெல்லி, பூனா, ஜாம்ஷெட்பூர் என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர், செட்டிநாட்டுச் செம்மண் பொட்டலில் ஒன்றை வைக்கச் சம்மதித்ததற்கு அழகப்பரின் கை தாராளம்தான் காரணம். நாற்பத்தேழு வயதில், 1957-இல், அழகப்பர் இறந்தார். தன் நிலத்தில் என்ன விளைந்தது என்று பார்க்க அவருக்கு நாலு வருஷம்தான் கிடைத்தது.

அங்கே நான் முதலில் தேடிப் படித்தது உடுப்பா காலத்து வேலைகளை. எச்.வி.கே. உடுப்பா இயக்குநராக இருந்தவர். அவரும் சகாக்களும் அறுபது, எழுபதுகளில் கிராஃபைட் தண்டின் மேல் ஈய டை-ஆக்சைடைப் படியவைத்து ஒரு ஆனோடு செய்தார்கள். குளோரேட்டிலிருந்து ஒரு படி மேலே பெர்குளோரேட்டுக்குப் போக அதுவரை பிளாட்டினம் வேண்டியிருந்தது. பிளாட்டினத்துக்கு அந்நியச் செலாவணி எங்கே? ஈய நைட்ரேட் தொட்டியில் தாமிர நைட்ரேட்டும் சேர்த்து, குமிழி ஒட்டி ஓட்டை விழாமல் இருக்கத் தண்டைச் சுழற்றிக்கொண்டே படியவைப்பார்கள். பழைய ஆட்கள் அந்தச் சுழலும் தண்டைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு சொந்தம் இருக்கும்.

இந்த ஈய ஆனோடுக்கும் பைகுரோமேட்டுக்கும் பெர்குளோரேட் செல்லில் ஒத்துப்போகாது, திறன் விழுந்துவிடும். அதனால் அங்கே பைகுரோமேட்டை எடுத்துவிட்டு சோடியம் ஃப்ளூரைடு போட்டார்கள். அதாவது குரோமியம் இல்லாத செல் ஒன்று நம் பக்கத்திலேயே ஓடியிருக்கிறது. சுற்றுச்சூழல் என்ற பேச்சே இல்லாத காலத்தில், வேறு காரணத்துக்காக. ஆனால் ஆனோடு தேய்ந்தால் கரைசலில் சேர்வது ஈயம். ஒரு நஞ்சு வெளியே போன வாசலில் இன்னொன்று நின்றது. பிறகு ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் ஆனோடுகள் உலகெங்கும் வந்தன. கிராஃபைட்டும் ஈயமும் ஒதுங்கின. கேத்தோடுப் பக்கம் மட்டும் பைகுரோமேட் அப்படியே உட்கார்ந்திருந்தது.

நான் சேர்ந்த காலத்தில் தமிழ்நாட்டில் குரோமியம் என்றால் வேலூர் மாவட்டம். தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 ஆகஸ்டில் வந்தது. அதே சமயத்தில்தான் ராணிப்பேட்டையில் பைகுரோமேட்டும் தோலுக்கான குரோமியம் சல்பேட்டும் தயாரித்து வந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை மூடப்பட்டது. குரோமைட் தாதுவைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் வறுத்து நீரில் ஊறவைத்துச் சாறு இறக்குவது முறை. சக்கையிலும் சாறு மிச்சமிருக்கும். இருபது ஆண்டுச் சக்கை, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், ஆலைக்குள்ளேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடும். 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. நாங்கள் கிராம் கணக்கில் போடும் பொடியைச் செய்ய ஒரு ஊர் அப்படி ஆகவேண்டியிருந்தது.

குரோமியத்தைப் பற்றி ஒரு விவரம் தெரிந்தால்தான் மேலே சொல்வது விளங்கும். அது இரண்டு முகத்தோடு நடமாடும். பைகுரோமேட்டில் இருப்பது குரோமியம்-ஆறு: நீரில் கரையும், தோலுக்குள் இறங்கும், மூக்கின் நடுத்தண்டை ஓட்டையாக்கும், நுரையீரலில் புற்றுநோய் தரும். எலக்ட்ரான் மூன்றைக் கொடுத்தால் அது குரோமியம்-மூன்று ஆகிவிடும்: பச்சை நிறம், காரநீரில் கரையாமல் அடியில் படியும், நஞ்சு மிகக் குறைவு. எலக்ட்ரானைக் கொடுப்பதுதான் மின்வேதியியலின் தொழில். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆலைக் கழிவில் குரோமியம்-ஆறு 0.1 மில்லிகிராம்.

கழிவுநீர் என்றால் வேலை சுலபம். முலாம் பூசும் பட்டறை நீரில் இரும்புத் தகடு இரண்டை இறக்கி மின்சாரம் விட வேண்டியதுதான். ஆனோடுத் தகடு கரைந்து இரும்பு அயனி வரும். மூன்று இரும்பு ஒரு குரோமியத்தைப் பச்சையாக்கும். ஃபாரடே விதிப்படி ஒரு கிராம் குரோமியத்துக்கு மூன்று ஆம்பியர்-மணிக்குச் சற்று அதிகம், கூடவே மூன்று கிராமுக்கு மேல் இரும்பு. கண் எதிரே மஞ்சள் போய், பழுப்புச் சேறு இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். கல்லூரியிலிருந்து சுற்றிப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுவோம். டைஃபீனைல் கார்பஸைடு ஒரு சொட்டு விட்டு ஊதா வருகிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்வோம். ஊதா வரவில்லையென்றால் கை தட்டுவார்கள்.

விற்பனைச் சரக்கிலிருந்து குரோமியத்தை எடுப்பது அந்த ரகம் அல்ல. குளோரேட் கரைசலில் இரும்பைக் கரைத்தால் குளோரேட்டே இரும்பால் கெடும். சல்ஃபைட் போன்ற வேதிப்பொருளைச் சேர்க்கலாம். ஆனால் முதலில் ஹைப்போகுளோரைட் அதைத் தின்றுவிடும், பிறகு சல்ஃபேட் சரக்கில் சேரும். அமிலத்தில் குரோமியம் சட்டென்று எலக்ட்ரானை வாங்கும். அமிலம் சேர்ப்போமா? குளோரேட்டில் அமிலம் பட்டால் குளோரின் டை-ஆக்சைடு கிளம்பும், அது வெடிக்கும் வாயு. பட்டாசுப் பகுதியில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது, கார்பன் கேத்தோடு. கார்பன் மேல் குளோரேட் எலக்ட்ரான் வாங்க மிகவும் தயங்கும், குரோமேட் அவ்வளவு தயங்காது. அந்தத் தயக்கத்தின் இடைவெளியில் வேலை செய்ய வேண்டும். கம்பளி மாதிரி இருக்கும் கார்பன் ஃபெல்ட்டை வைத்து, கரைசலை அதற்குள் செலுத்தி, மின்னழுத்தத்தை மில்லிவோல்ட் கணக்கில் பிடித்து நிறுத்தினோம். முதல் அரை மணி அருமையாக ஓடும். அப்புறம் மின்னோட்டம் படுத்துவிடும். காரணம் அந்தப் பழைய ஏடுதான். குரோமியம்-மூன்று ஹைட்ராக்சைடாகி ஃபெல்ட்டின் மேல் படிந்து, தனக்குப் பின்னால் வரும் குரோமேட்டுக்கே வழி அடைக்கிறது. ஆலைக்காரன் எந்தக் குணத்துக்காக இதைக் கூப்பிட்டானோ, அந்தக் குணத்தாலேயே அது வெளியே போக மறுக்கிறது. மின்முனையைத் திருப்பி ஏட்டை உரித்தால் அது மறுபடி குரோமியம்-ஆறாகிக் கரைந்துவிடும். எவ்வளவு நேரம் திருப்புவது, கரைசலை என்ன வேகத்தில் ஓட்டுவது, ஏட்டைக் கரையவிடாமல் சேறாக உதிரவைப்பது எப்படி? இந்த மூன்று கேள்விக்குள் ஒரு முனைவர் பட்டம் அடங்கும். எனக்கு அடங்கியது. எங்கள் செல் ஆய்வு மேசையில் நன்றாகவே ஓடியது. கேட்டு வந்த ஆலை எதுவும் இல்லை.

ஏன் வர வேண்டும் என்பதும் ஒரு கேள்விதான். பொட்டாசியம் குளோரேட் தயாரிப்பில் இயற்கையே பாதி உதவி செய்கிறது. சோடியம் குளோரேட் கரைசலில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துக் குளிரவைத்தால் பொட்டாசியம் குளோரேட் படிகமாக விழும். கொதிநீரில் நூறு மில்லிக்கு ஐம்பது கிராமுக்கு மேல் கரைவது, அறை வெப்பத்தில் ஏழு கிராம்தான் கரையும். குளிர்நீரில் அலசினால் குரோமேட் பெரும்பாலும் தாய்க்கரைசலோடு போய்விடும். அலசல் சரியில்லாத சரக்கு மெல்லிய மஞ்சளாக வரும். அப்பா அதைப் பார்த்திருக்கிறார்: "சில மூட்ட மஞ்சளா இருக்கும், அது நல்லா பத்தும்னு சொல்லிக்கிடுவோம்." தாய்க்கரைசல் மறுபடி செல்லுக்குப் போகும். வட்டம் மூடியிருக்கும்வரை கணக்கில் தொல்லை இல்லை. குழாய் ஒழுகும்போதும், வடிகட்டிச் சேற்றைக் கொட்டும்போதும், தொட்டியைக் கழுவும்போதும்தான் வட்டம் உடையும். இத்தாலியின் பிரெஷ்யா நகரில் ஒரு குளோரேட் ஆலையின் அடியில் நிலத்தடி நீர் அப்படித்தான் குரோமியம் ஏறிப்போனது.

ஐரோப்பாவில் கதை சட்டத்தால் திரும்பியது. சோடியம் பைகுரோமேட்டைத் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த 2017 செப்டம்பர் 21 கடைசி நாள் என்று ஐரோப்பிய ஒன்றியம் நாள் குறித்தது. காகிதக் கூழ் வெளுக்க சோடியம் குளோரேட் டன் டன்னாக வேண்டியிருக்கும் சுவீடன் போன்ற நாடுகளுக்கு அது தலைவலி. ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் பைகுரோமேட்டுக்கு மாற்றாக மாலிப்டேட்டைப் பார்த்தார்கள், இட்ரியம் போன்ற அருமண்களைப் பார்த்தார்கள், மாங்கனீசு ஆக்சைடு பூசிய கேத்தோடுகளைச் செய்து பார்த்தார்கள். ஒன்று ஏட்டு வேலையைச் செய்தால் இன்னொரு வேலையை விட்டுவிடுகிறது. கம்பெனிகள் விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கிப் பைகுரோமேட்டிலேயே ஓட்டுகின்றன, அனுமதிக்கும் ஆண்டு கணக்கு உண்டு. அந்த ஆண்டு கணக்குதான் அங்கே ஆய்வு மாணவர்களுக்குச் சம்பளமாக மாறுகிறது. பாதுகாப்புத் தீக்குச்சியை 1844-இல் பாஷ் யோசித்ததும், லுண்ட்ஸ்ட்ரம் சகோதரர்கள் யான்ஷோப்பிங்கில் வியாபாரமாக்கியதும், விம்கோவை நம் தலைமேல் அனுப்பியதும், இப்போது குரோமியத்தை வெளியேற்ற ஆள் எடுப்பதும் ஒரே நாடு. எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைக்கவில்லை.

சிவகாசியிலும் நீதிமன்றம் தட்டிய பிறகுதான் உலோகம் பேச்சுப்பொருளானது. கந்தகத்தோடு குளோரேட்டைக் கலந்து பட்டாசு செய்வது 1992-லேயே தடைப்பட்டது. அது வெடிவிபத்துக்குப் பயந்து. நஞ்சுக்காக வந்த உத்தரவு 2017 ஜூலையில்: ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் எதுவும் பட்டாசில் கூடாது. 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளுக்கும் தடை. உடனே நாக்பூரின் நீரி ஆய்வகம் பசுமைப் பட்டாசோடு வந்தது. பட்டாசு ஆபீஸ் முதலாளிகள் ஆய்வாளர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசியதை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். சோதனைக்கூடம் வந்தது, வேதியியல் பட்டதாரிகளுக்குக் கொஞ்சம் வேலையும் வந்தது. தீப்பெட்டி அந்த வழக்குக்குள் வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசோடு ஆண்டிமனி சல்ஃபைடு பூசுவதும், குச்சி மருந்தில் பைகுரோமேட் போடுவதும் யார் கண்ணிலும் படவில்லை.

போன வருஷம் எங்கள் தெருவில் எம்.எஸ்சி. முடித்த ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அவர் பட்டாசு ஆபீசில் கணக்குப் பார்ப்பவர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயில் தொடங்கி ஐந்து வருஷம் ஆய்வு செய்யலாம், காரைக்குடியிலேயே சேரலாம் என்றேன். பி.டெக். படித்தவர்கள் கேட் தேர்வு வழியாக வருவார்கள் என்றேன். முடித்தபின் என்ன என்று அவர் கேட்டார். குஜராத்தில் உப்புக் காரத் தொழிற்சாலைகள், சென்னையில் தோல் ஆய்வகம், ஓசூர், கோவைப் பக்கம் முலாம் பட்டறைகளுக்கான சுத்திகரிப்புக் கம்பெனிகள், நன்றாகச் செய்தால் சுவீடன், கனடா என்று சொன்னேன்.

"சிவகாசியில இல்லையா மேடம்?"

"இங்க வாங்குறதுதான உண்டு அண்ணாச்சி, குளோரேட் செய்றதில்லையே."

அவள் காரைக்குடியில்தான் சேர்ந்திருக்கிறாள். குரோமியத்தில் அல்ல, லித்தியம் பேட்டரிப் பிரிவில். அங்கே இப்போது பணமும் இடமும் ஆட்களும் அதில்தான். என்னிடம் கேட்டுத்தான் முடிவு செய்தாள், நானும் அதையே எடு என்றேன். என்னுடைய கார்பன் ஃபெல்ட் சுருள் ஒன்று மிச்சம் இருந்தது. அவர்கள் பிரிவில் ஃப்ளோ பேட்டரிக்கு மின்முனையாக வேண்டும் என்று வாங்கிப்போனாள்.